டபுள் ப்ரமோஷன்: தாண்டலாமா, வேண்டாமா?

போன வருஷம் தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டு வரும் நேரம். திருச்சியிலிருந்து மகள் ஃபோன் செய்தாள். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது.

"அம்மா, குட்டியோட மிஸ் கூப்பிட்டுப் பேசினாங்க. ஒண்ணாங்கிளாஸ் பாடமெல்லாம் அவளுக்கு ரொம்பச் சுலபமா இருக்காம். வர்ற ஜூன்ல ரெண்டாங்கிளாஸை விட்டுட்டு நேரா மூணாங்கிளாஸ்ல போட்டுடலாமான்னு கேக்கறாங்க. டபுள் ப்ரமோஷன்மா! உன்னை மாதிரியே!"

'உன்னை மாதிரியே' என்றதும் கரண்டி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"வேண்டாம்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "ஏம்மா, நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேனே" என்றாள். நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

சூட்டிகையான குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வரத்தான் செய்யும். "மூணு வயசிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளே, சீக்கிரம் பள்ளிக்கூடத்தில் போட்டுவிடலாமா?" என்று ஆரம்பிக்கும். "ஒரு வகுப்பைத் தாண்டி உட்கார வைக்கலாமா?" என்று வளரும். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இரண்டு தலைமுறைகளில் வந்தது. ஒரு தடவை தப்பாக முடிவெடுத்தார்கள். இன்னொரு தடவை கொஞ்சம் நிதானமாக முடிவெடுத்தோம். இரண்டையும் சொல்கிறேன்.

1971 ஜூன்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அவ்வளவாகக் கேட்கமாட்டார்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் அந்தப் பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. பெரிய வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் பிறந்த நாளாக எழுதிக்கொள்வார். என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜூனில்தான் இருக்கும்!

அக்கா என்னைவிட ஒன்றரை வயது பெரியவள். அவள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே நான் பாதி படித்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் பெரிய வாத்தியார் வீட்டுக்கே வந்தார். "இந்தப் பொண்ணை நாலாவதுல உக்கார வெச்சா வீண். அஞ்சாவதுலயே போட்டுடறேன்" என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா பாயசம் வைத்தாள். அக்கா நான்காவது முடித்து ஐந்தாவதுக்குப் போகிறாள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தாலும், "துணைக்கு அக்கா இருக்காளே" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஜூன் மாதம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பாட்டுத்தான். "தங்கச்சிக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?" வாத்தியார் சொல்வார், அத்தை சொல்வாள், வந்து போகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், கொஞ்ச நாளில் என்னோடு உட்கார்ந்து படிப்பதையே விட்டுவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் நல்ல மார்க்கில் தேறினேன். அக்கா கணக்கில் கோட்டை விட்டாள். மறுபடி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

எனக்கும் எல்லாம் லாபம் என்று சொல்ல முடியாது. நான்காம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பின்னக் கணக்கு எனக்கு விட்டுப் போயிற்று. பல வருஷம் புரியாமலே மனப்பாடம் செய்து சமாளித்தேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கையில் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வயசுக்கு வந்து, தாவணி போட்டுக்கொண்டு தங்களுக்குள் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். "சின்னக் குட்டி, நீ போய் விளையாடு" என்பார்கள். யாரோடு விளையாடுவது? என் வயதுப் பிள்ளைகள் கீழ் வகுப்பில் அல்லவா இருந்தார்கள்!

இதெல்லாம் சேர்ந்துதான் அன்றைக்கு 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லாக வந்தது.

"என் கதையை அவ தலையில கட்டாதே"

மறுநாள் காலையில் அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. மகள் சொன்னதைச் சொல்லி, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"ஏண்டி வேண்டாங்கிற?"

"உனக்குத் தெரியாதாக்கா?"

அக்கா நூலைக் கடித்துத் துப்பினாள். "நீ தாண்டினது தப்பில்லடி. உன்னைக் கொண்டாந்து என் பக்கத்துல உக்கார வெச்சாங்க பாரு, அதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, உன்னையும் கேக்கல, என்னையும் கேக்கல. குட்டிக்கு அக்காவா, அண்ணனா? ஒத்தப் பொண்ணு. என் கதையை அந்தப் பிள்ளை தலையில கட்டாதே. அதுக்கு என்ன வேணும்னு முதல்ல பாருங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று மதியமே திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

வயிற்று வலியின் காரணம்

அங்கே போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. குட்டிக்குத் தினமும் காலையில் வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது! டாக்டரிடம் காட்டியாயிற்று. உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். வகுப்பில் மிஸ் ஒரு கணக்குப் போடச் சொன்னால் மற்றவர்கள் முதல் வரி எழுதுவதற்குள் இவள் முடித்துவிட்டு, பக்கத்துப் பெண்ணோடு பேசி, திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மாச்சி, தெரிஞ்சதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க. எனக்கு நேரமே போக மாட்டேங்குது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாண்டுவதில் ஆபத்து இருக்கிறதோ இல்லையோ, தெரிந்த பாடத்திலேயே ஒரு குழந்தையை உட்கார்த்தி வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். பாடுபட்டுப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வளரும் பிள்ளை, பெரிய வகுப்பில் முதல் தடவையாகக் கஷ்டமான பாடம் வரும்போது திகைத்துப் போய்விடும்.

உண்மையான சூட்டிகையா?

மகளும் மருமகனும் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். இந்தியாவில் நெடுநாளாகப் பயன்படும் பினே-காமத் சோதனையைப் பொறுமையாக வைத்துப் பார்த்தார் அந்த அம்மாள். பிறகு எங்களிடம் பேசினார். அவர் சொன்னதில் எல்லாத் தாய்மாருக்கும் உதவக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

சீக்கிரம் படிக்கும் குழந்தை எல்லாம் வகுப்பைத் தாண்டக்கூடிய குழந்தை அல்ல. நாடுகளின் தலைநகரங்களை மூன்று வயதில் கடகடவென்று ஒப்பிப்பது நினைவாற்றல். கதையைப் படித்துவிட்டு "அவன் ஏன் பொய் சொன்னான்?" என்று கேட்பதுதான் புரிதல். வாய் சரளமாக வாசிக்கும், பொருள் கேட்டால் விழிக்கும் என்றால் அவசரப்படக் கூடாது.

இன்னொன்று, குழந்தையின் எல்லா வயதும் ஒன்றாக வளர்வதில்லை. அறிவுக்கு எட்டு வயது இருக்கும், கைக்கு ஆறு வயது இருக்கும், மனசுக்கு ஐந்து வயதுதான் இருக்கும். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்றாகக் கெட்டிப்பட்டு, எட்டாவது எலும்பு கெட்டிப்பட ஒன்பது பத்து வயது ஆகிவிடும். மூளை ஓடுகிற வேகத்துக்குக் கை எழுதவில்லையே என்று அந்தப் பிஞ்சுக் கையை அடிப்பது எத்தனை பாவம்!

சீக்கிரம் சேர்ப்பது பற்றி

ஒரு வகுப்பைத் தாண்டுவது வேறு. வயது வருமுன்னே பள்ளியில் சேர்ப்பது வேறு. இரண்டாவதில் இன்னும் அதிக நிதானம் வேண்டும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1997 முதல் 2008 வரை 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பார்த்து, 2012-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அங்கே டிசம்பரில் பிறந்த பிள்ளைகள்தான் வகுப்பிலேயே வயதில் சிறியவர்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளைகளைவிட அவர்களுக்கு 'கவனக்குறைவு, துறுதுறுப்பு நோய்' என்று முத்திரை விழுவது, ஆண் பிள்ளைகளில் 30 சதவிகிதமும் பெண் பிள்ளைகளில் 70 சதவிகிதமும் அதிகமாக இருந்தது. வயதுக்கு உரிய விளையாட்டுத்தனத்தைக்கூட நோய் என்று நினைத்துவிடுகிறார்கள்!

நம் நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2023 பிப்ரவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கேந்திரிய வித்யாலயாவில் ஆறு வயதுதான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஐந்து வயது முடிந்தால் சேர்க்கிறார்கள். ஆகவே நம் பிள்ளைகள் ஏற்கெனவே கொஞ்சம் முன்னதாகத்தான் போகிறார்கள். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைத்தோம் என்பதற்காக மறுநாளே புத்தக மூட்டையை மாட்ட வேண்டியதில்லை.

மேதைகள் வீட்டில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் 1975-இல் பிறந்தவர் டெரன்ஸ் டாவ். உலகப் புகழ் பெற்ற கணித மேதை. இரண்டு வயதிலேயே மற்றக் குழந்தைகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தாராம். மூன்றரை வயதில் பெற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். சில வாரங்களிலேயே அந்தச் சூழலுக்கு இன்னும் தயாராகவில்லை என்று கண்டு, வெட்கப்படாமல் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அம்மா வழிகாட்டினார். மறுபடி ஐந்து வயதில் சேர்த்தபோது, எல்லாப் பாடத்துக்கும் ஒரே வகுப்பு என்று வைக்காமல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏற்ற வகுப்பில் உட்கார வைக்கப் பள்ளி சம்மதித்தது. கணக்குக்கு மட்டும் மிகப் பெரிய பிள்ளைகளோடு, மற்றவற்றுக்குத் தன் வயதுக்குப் பக்கத்தில். 2006-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

எங்கள் கும்பகோணத்துப் பிள்ளை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1897-இல் பத்து வயது முடியுமுன் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவர். 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை. உபகாரச் சம்பளம் பறிபோயிற்று, பரீட்சையிலும் தேறவில்லை. ஒரு பாடத்தில் ஆகாயத்தில் பறக்கும் பிள்ளை இன்னொரு பாடத்தில் தரையில் நடக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி என்று நினைப்பது பெரியவர்கள் செய்யும் தவறு.

அப்படியானால் முழு வகுப்பையே தாண்டுவது கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் ஓர் அறிக்கை வந்தது. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, நன்றாகத் தேர்ந்தெடுத்து மேலே ஏற்றிய பிள்ளைகள் படிப்பில் நன்றாகவே வருகிறார்கள், பொதுவாக மனமும் கெடுவதில்லை என்று அது சொல்கிறது. 'நன்றாகத் தேர்ந்தெடுத்து' என்பதுதான் முக்கியம். அதற்காக அவர்கள் ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறார்கள். அதன்படி சில சந்தர்ப்பங்களில் வகுப்பைத் தாண்டவே கூடாது. ஐ.க்யூ. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் கூடாது. குழந்தைக்கே விருப்பம் இல்லையென்றால் கூடாது. போகப்போகிற வகுப்பில் கூடப் பிறந்தவர் இருந்தால் கூடாது.

மருமகன் இந்தக் கடைசி விதியைப் படித்துச் சொன்னதும், நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். அயோவா எங்கே, எங்கள் ஊர் எங்கே! தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அக்கா சொன்னதும் அதேதானே!

நாங்கள் என்ன செய்தோம்?

குட்டியைக் கேட்டோம். அவள் விரலை மடக்கி யோசித்துவிட்டு, "கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் ரெண்டாங்கிளாஸ் போறேன். மத்ததுக்கெல்லாம் என் ஃப்ரெண்டு கூடவே இருப்பேன்" என்றாள். பெரியவர்கள் நாங்கள் நாலு பேர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதை ஆறு வயது வாண்டு அரை நிமிஷத்தில் தீர்த்துவிட்டது.

மகள் பள்ளியில் போய்ப் பேசினாள். முதலில் தயங்கினார்கள். நேர அட்டவணை ஒத்துவராது என்றார்கள். ஆறு வாரம் பார்ப்போம், சரிப்படவில்லையென்றால் பழையபடி விட்டுவிடலாம் என்று மகள் கேட்டுக்கொண்டாள். இரண்டு வகுப்பிலும் கணக்கும் இங்கிலீஷும் ஒரே நேரத்தில் வரும்படி மாற்றிக்கொடுத்தார்கள். பொங்கல் கழித்து ஆரம்பித்தது. முதல் வாரம் குட்டி ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். கணக்கில் இரண்டு தப்பாம். அவள் வாழ்க்கையில் முதல் தப்பு! "தப்பு வந்தாத்தான் புதுசு படிக்கிறேன்னு அர்த்தம்" என்று மகள் மடியில் உட்கார்த்திச் சொன்னாள். பிப்ரவரி மாதம் மகள் ஃபோனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று, "அம்மா, வயித்து வலியே வரலைம்மா இப்பல்லாம்" என்றாள்.

வருஷக் கடைசியில் மறுபடி உட்கார்ந்து பேசினோம். கையெழுத்து இன்னும் தளர்நடைதான். தோழியை விட்டுவர மனமில்லை. ஆகவே முழு வகுப்பையும் தாண்ட வைக்கவில்லை. ஆனால் முடிவை மூடி முத்திரை வைக்கவும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பார்ப்போம் என்று வைத்திருக்கிறோம். என் தோழியின் பேரன் யு.கே.ஜி.யிலிருந்து நேராக இரண்டாம் வகுப்புக்குப் போனான். பெரிய பிள்ளைகளோடுதான் அவனுக்கு விளையாட்டே. அவனுக்கு அது சரியாக இருந்தது. ஒரு குழந்தைக்குத் தைத்த சட்டை இன்னொன்றுக்குப் பொருந்துமா?

முடிவெடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

குழந்தைக்கு விருப்பமா என்று தனியாக, பயமுறுத்தாமல் கேளுங்கள். 'போனால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்' என்று ஆசை காட்டாதீர்கள்.

தாண்டப்போகும் வகுப்பின் பாடப் புத்தகங்களை விடுமுறையில் ஒரு தடவை நடத்திவிடுங்கள். எனக்குப் பின்னக் கணக்கு விட்டுப்போன மாதிரி ஓட்டை விழக் கூடாது.

புது வகுப்பு ஆசிரியைக்கு மனப்பூர்வமான சம்மதமா என்று பாருங்கள். 'பெரிய மேதையோ?' என்று கேலி பேசும் வகுப்பில் எந்தக் குழந்தையும் மலராது.

ஆறு வாரம் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்க்கக் கேளுங்கள். திரும்பி வந்தால் அது தோல்வி அல்ல என்று குழந்தைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பத்து வருஷம் தள்ளியும் யோசியுங்கள். மருத்துவப் படிப்புக்கான 'நீட்' தேர்வில், சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து வயதில் சேர்ந்து ஒரு வகுப்பையும் தாண்டிய பிள்ளை, பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் காத்திருக்க நேரலாம்.

வீட்டில் மற்றக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் முகத்தையும் பாருங்கள். ஒரு குழந்தையின் பெருமைக்கு இன்னொரு குழந்தை விலை கொடுக்கக் கூடாது.

கடைசியாக, இது யாருடைய ஆசை என்று உங்கள் நெஞ்சையே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் பசிக்கா, நம் பெருமைக்கா? பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தெரிந்த மாதிரி.

கோடை விடுமுறைக்குக் குட்டி கும்பகோணம் வந்திருந்தாள். நேராக என் அக்கா வீட்டுக்குத்தான் ஓடினாள். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடைத் துணியை டேப்பால் அளந்து, "பெரியம்மாச்சி, ஒண்ணே முக்கால் மீட்டர்ல பாதி எவ்வளவு?" என்று கேட்டாள்.

எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் கோட்டை விட்ட என் அக்கா, துணியை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, நிதானமாக அவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.